காதர் பாய் கடைக் கண்ணாடிப் பெட்டியும் பதினைந்து ரூபாய் ரேடியோவும்

ரேடியோ உதிரிச் சாமான் விற்கும் தொழிலில் ஒரு பெரிய வசதி உண்டு: செட்டு பாடாவிட்டால் தப்பு எப்போதும் அதைக் கட்டியவருடையதுதான். கட்டியவர் அப்படி நினைப்பதில்லை என்பது மட்டுமே அதிலுள்ள சிரமம்.

அந்தச் சிரமத்தை அறுபதுகளில் தொடங்கி, திண்டுக்கல் மணிக்கூண்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த காதர் பாய் கடையில், பதினோரு வருஷம் அனுபவித்தவன் நான். இதைப் படிக்கிற உங்களிலும் சிலர் அந்தக் காலத்தில் அட்டைக்குழாயில் செம்புக் கம்பி சுற்றியிருப்பீர்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது என்று அதட்டியிருப்பீர்கள். கடைசியில் எதுவும் கேட்காமல், கேட்டதாகப் பொய்யும் சொல்லியிருப்பீர்கள். உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே வியாதிக்காரர்கள்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடையின் வலது பக்கம் முழுக்க பாய் விற்கிற ரெடிமேட் ரேடியோக்கள். மரப்பெட்டி, துணி முகப்பு, முன்னூறு ரூபாய்க்குக் குறையாது. இடது பக்கம் ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குப் பின்னால் நான். பெட்டிக்குள் மூன்று தினுசுப் பொட்டலம் இருக்கும். முதலாவது டயோடு செட்டு, பதினைந்து ரூபாய். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம், ஆனால் மெதுவாகத்தான் கேட்கும், அதுவும் திருச்சி ஸ்டேஷன் மட்டும்தான். இரண்டாவதில் ஒரு டிரான்சிஸ்டர் கூடுதல். டார்ச் லைட் பேட்டரி ஒன்று போட்டால் சத்தம் கொஞ்சம் தைரியமாக வரும். மூன்றாவதில் மூன்று டிரான்சிஸ்டர், கூடவே ஸ்பீக்கர். வீடே கேட்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் சிலோனும் கிடைக்கும். எல்லாவற்றையும் வாங்கியவர்தான் வீட்டில் உட்கார்ந்து கட்டிக்கொள்ள வேண்டும்.

காது எத்தனை?

எந்தச் செட்டு வாங்கலாம் என்று கேட்டு வருகிறவரிடம் நான் மூன்று கேள்விதான் கேட்பேன். கேட்கப் போகிற காது எத்தனை? ஏரியல் கம்பி கட்ட உயரமாக என்ன இருக்கிறது? எர்த்துக் கம்பி அடிக்கப் பக்கத்தில் ஈரமான மண் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் எதை வாங்குவது என்பது தானாகவே தெரிந்துவிடும். பெரும்பாலும் அது, அவர் வாங்க நினைத்து வந்ததைவிட மலிவான சாமானாகத்தான் இருக்கும்.

ஒருநாள் நகராட்சி ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் வந்தார். கல்யாணம் ஆகாதவர், மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். மூன்று டிரான்சிஸ்டர் செட்டுத்தான் வேண்டும் என்று பணத்தைக் கையிலேயே வைத்திருந்தார். காது எத்தனை என்றேன். தன்னுடையது மட்டும்தான் என்றார். ஜன்னலை ஒட்டி ஒரு தென்னை மரம், அதன் அடியில் குளியலறைத் தண்ணீர் பாய்கிற இடம் என்று அடுத்த இரண்டுக்கும் பதில் சொன்னார். இவ்வளவு பாக்கியம் உள்ளவருக்கு ஸ்பீக்கர் எதற்கு, பக்கத்து அறைக்காரர் ஓசியில் கேட்கவா என்று சொல்லி டயோடு செட்டுப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். மனிதர் சந்தோஷமாகப் படியிறங்கிப் போனார். எதிர்ப்பக்கத்தில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

"பெரிய சாமான் வாங்க வந்தவருக்குச் சின்னச் சாமானக் கட்டிக் குடுத்து அனுப்புறியே தங்கராசு, ஒனக்குப் பக்கத்துக் கடைக்காரன் தனியாச் சம்பளம் குடுக்குறானா?"

ஈயத்தை நம்பாதவர்

சவரிமுத்து பூட்டுத் தொழிலாளி. இந்த ஊரில் அப்படிச் சொன்னாலே போதும், எவ்வளவு நுணுக்கமான கை என்று யாருக்கும் விளங்கிவிடும். அரத்தை எடுத்தால் தலைமுடி அளவுக்கு ராவி எடுப்பார். அப்படிப்பட்டவர் டயோடு செட்டு வாங்கிக்கொண்டு போனபோது எனக்கு அவரைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. நாலாம் நாள் திரும்பி வந்தார். அந்த நேரம் பார்த்துப் பாய், பழனியிலிருந்து வந்திருந்த ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு முன்னூறு ரூபாய் ரேடியோவைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். சவரிமுத்து செட்டைக் கண்ணாடி மேல் வைத்து, கடைக்கே கேட்கிற மாதிரி "பாடல" என்றார்.

செட்டைத் திறந்து பார்த்தேன். அப்படி ஒரு வேலைப்பாட்டை நான் அதுவரை கண்டதில்லை. சால்டரிங் இரும்பால் ஈயம் வைத்து ஒட்ட வேண்டிய அத்தனை இடத்திலும் சின்னச் சின்னதாகப் பித்தளை ரிவிட் அடித்திருந்தார். ஒவ்வொரு ரிவிட்டும் கடுகளவு, வரிசையாக, மழமழவென்று. கண்ணாடியில் செய்த டயோடின் இரண்டு காலிலும் அதேபோல் சுத்தியலால் அடித்ததில் அது நடுவில் விரிந்து கிடந்தது. விரிசலைக் காட்டி, ஈயம் வைத்திருக்கலாமே என்றேன். பழனி தம்பதி எங்கள் இருவரையும் பார்த்தார்கள். முன்னூறு ரூபாய் ரேடியோவையும் பார்த்தார்கள். பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். சவரிமுத்துக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை.

"ஈயம் வச்சு ஒட்டுன பூட்ட நீங்க வாங்குவீங்களா தம்பி? பெறகு நான் மட்டும் எப்படி அத நம்பி ஒரு சாமானச் செய்யிறது?"

பேச்சுத்தான் குறையும்

அன்று மத்தியானமே பாய் முடிவைச் சொல்லிவிட்டார். ரம்ஜான் பெருநாள் முடிந்ததும் கண்ணாடிப் பெட்டியை எடுத்துவிடுவது, அந்த இடத்தில் மின்விசிறி வைத்து விற்பது. பெருநாளுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நாலு நாளில் ஆறிவிடும் என்று இருந்திருப்பேன். நிதானமாகச் சொன்னார். தோல் மண்டி வைத்து வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்தவர், கடையில் விற்ற சரக்கில் குறை என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்வதை அவரால் தாங்கிக்கொள்ள முடியாது. இந்தப் பொட்டலங்களை வாங்கிப் போனவர்களில் ஒருவர் வீட்டிலாவது ஒழுங்காகப் பாடியதை நீ கண்டாயா என்று கேட்டார். நான் வீடுவீடாகப் போய்ப் பார்த்ததில்லை. கடை ஏரியலில் மாட்டி அவரையே கேட்கச் சொன்னால், காதில் கொக்கி மாட்டிக்கொண்டு கேட்கிற பாட்டு எனக்கு வேண்டாம் என்று நகர்ந்துவிடுவார்.

அந்தப் பெட்டிதான் என் தொழில். காலையில் வந்ததும் கண்ணாடியைத் துடைத்து, கண்டன்சர்களை அளவுவாரியாக அடுக்கி, முதல் ஆள் வந்து "இதுல எது நல்லதுங்க?" என்று கேட்பதற்காகக் காத்திருப்பேன். மின்விசிறியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? சுற்றும், இல்லாவிட்டால் சுற்றாது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், என் கதி என்ன என்று பாயிடம் கேட்டேன். பாய் நல்ல மனிதர், உடனே தைரியம் சொன்னார்.

"ஒனக்குச் சம்பளம் ஒரு பைசா கொறையாது. பேச்சுத்தான் கொறையும்."

ரசீது

இருக்கிற இரண்டு மாதத்தில் இந்தப் பெட்டியிலிருந்து போகிற ஒவ்வொரு செட்டையும் பாட வைத்தே தீருவது என்று நானாக ஒரு வைராக்கியம் வைத்துக்கொண்டேன். அந்த வைராக்கியத்துக்கு முதலில் வந்து சேர்ந்தவர், பழனிப் பக்கம் கீரனூரிலிருந்து வந்த செல்லமுத்து. தோட்டத்து வீடு, கரண்ட் கிடையாது. காது ஒன்று. எர்த்துக்குக் கிணற்றடி. ஏரியலுக்கு இரண்டு பனைமரம். எல்லாம் சரிதான், ஆனால் திருச்சி ரொம்பத் தூரம். ஒற்றை டிரான்சிஸ்டர் செட்டை எடுத்து வைத்துவிட்டு, பாடுமா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது என்பதையும் சொன்னேன். ரேடியோ எதுவானாலும் போஸ்ட் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும் என்பதையும் கூடவே சொல்லி வைத்தேன். அந்தக் காலத்தில் சட்டம் அப்படி. முன்னூறு ரூபாய் ரேடியோவுக்கும் லைசென்ஸ்தான், அட்டைக்குழாயில் கம்பி சுற்றியதற்கும் லைசென்ஸ்தான்.

மனிதர் பொட்டலத்தை வாங்காமலே எழுந்து போனார். விலை கட்டுபடியாகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து லைசென்ஸ் புத்தகத்தோடு திரும்பி வந்தார். செட்டு கையில் இல்லை, கட்டவும் இல்லை, பாடுமா என்பதும் தெரியாது, லைசென்ஸ் மட்டும் தயார். செட்டு செய்த கம்பெனியின் பெயர் என்ன என்று போஸ்ட் ஆபீஸ் குமாஸ்தா கேட்டாராம். நான்தான் செய்யப் போகிறேன் என்று இவர் சொல்ல, குமாஸ்தா கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, கம்பெனி இருக்க வேண்டிய இடத்தில் இவர் பெயரையே எழுதிவிட்டார். ஒருவேளை பாடாவிட்டால் கட்டிய பணம் வீண்தானே, கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்றேன். அவர் புத்தகத்தைத் துண்டில் சுற்றி மடியில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

"அதெப்படிங்க பாடாமப் போகும்? சர்க்கார் பணம் வாங்கிப்போட்டு ரசீது குடுத்துருச்சுங்க. இனி அது பாடித்தானுங்க ஆகோணும்."

மிச்சக் கம்பி

சின்னாளப்பட்டியிலிருந்து ருக்மணியம்மா வந்தபோது வீட்டுக்காரரும் கூட வந்தார். அவர் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார், பேசியது முழுக்க அந்தம்மாதான். தறி வீடு. காது எத்தனை என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதிலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. இரண்டு காது, ஆனால் ஆளுக்கு ஒன்று என்றார். வாங்க வந்தது டயோடு செட்டு. ஹெட்போனின் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்து, நீளமான ஒயர் போட்டுக் கொடுத்தேன். அந்தம்மா ஊடை நூலைத் தாராகச் சுற்றுகிற இடத்தில் ஒன்று, வீட்டுக்காரர் நெய்கிற தறிக்குழியில் ஒன்று.

பத்து நாளில் இருவரும் திரும்பி வந்தார்கள், ஒரு சத்தமும் இல்லை என்றார் அந்தம்மா. அட்டைக்குழாயில் கம்பி சுற்றிய காயிலைப் பார்த்தேன். பாவு நூல் மாதிரி இழை இழையாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், அவ்வளவு அழகாகச் சுற்றியிருந்தார். எண்ணிப் பார்த்தால் நூற்றெழுபது சுற்று. நான் காகிதத்தில் எழுதிக் கொடுத்தது எண்பது. சுற்று கூடினால் திருச்சி, ஸ்டேஷன் திருப்புகிற முள்ளுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று விசாரித்தேன். கம்பி அறுந்தால் இன்னொரு தடவை சுற்றிக்கொள்ளட்டும் என்று நான் எப்போதும் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலேயே வைப்பது வழக்கம். அவர்கள் தொழிலில் அப்படிக் கிடையாது. முதலாளி நூலை நிறுத்துக் கொடுப்பார், சேலையை நிறுத்து வாங்குவார். வீட்டில் நூல் மிஞ்சிக் கிடந்தால் திருட்டுப் பட்டம் வரும். அதனால் கொடுத்த கம்பி முழுவதும் காயிலில் ஏறியாக வேண்டும் என்று அந்தம்மா நினைத்துவிட்டார். எண்பதுக்குப் பிரித்து, கடை ஏரியலில் மாட்டிக் கொடுத்தேன். ஹெட்போனைக் காதில் வைத்த அடுத்த நொடி, அதுவரை ஒரு வார்த்தை பேசாத வீட்டுக்காரர் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டார். பிரித்த கம்பி உங்களுடையதுதான், எடுத்துப் போங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மறுவாரம் வேறு வேலையாகத் திண்டுக்கல் வந்த அந்தம்மா, காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலத்தைக் கண்ணாடி மேல் வைத்தார்.

"இந்தாங்க, மிச்சக் கம்பி. நிறுத்துப் பாத்து வாங்கிக்கங்க, நாளைக்கி ஒரு பேச்சு வரக் கூடாது."

ஆட்டு முளை

அய்யலூர் சந்தையில் ஆடு யாவாரம் பார்க்கிற பெரியகருப்பன் அண்ணனுக்கு ரேடியோ வீட்டில் வேண்டாம், சந்தையில் வேண்டும். ஆட்டை விற்கிறவர் விலையைக் குறைக்கிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது, அந்த நேரத்தில் காதாவது வேலை செய்யட்டும் என்றார். ஒற்றை டிரான்சிஸ்டர் செட்டு கொடுத்தேன். ஏரியலைப் புளியமரத்தில் வீசிக்கொள்ளலாம். எர்த்துக்கு? ஆடு கட்டுகிற இரும்பு முளையே போதும் என்று சொல்லி, அதைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றி மண்ணை நனைத்துவிடுங்கள் என்று இரண்டு தடவை படித்துப் படித்துச் சொன்னேன். சரி சரி என்று தலையை ஆட்டினார். அவர் ஊற்றப் போவதில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

மூன்று வாரம் கழித்துக் கடைக்கு வந்தார். சாமான் எதுவும் வாங்கவில்லை, விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தார். சந்தையில் முதலில் திருச்சி எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருந்ததாம். செட்டைத் தட்டிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. முளையில் கட்டியிருந்த கிடா ஒன்று அதன் காரியத்தை அங்கேயே முடித்தது. உடனே காதுக்குள் ஆள் வந்து உட்கார்ந்து பேசுகிற மாதிரி சத்தம் கூடிவிட்டது. உப்பும் ஈரமும்தான் காரணம், நான் சொன்னதும் அதைத்தான் என்றேன். அந்த விளக்கமெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. பாய் எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார், அவர் தோள் மட்டும் குலுங்கியது. பெரியகருப்பன் அண்ணனுக்கோ என்மேல் உண்மையிலேயே மனத்தாங்கல்.

"ஏலே தங்கராசு, கெடா மோண்டா திருச்சி கிட்ட வரும்னு முந்தியே சொல்லக் கூடாதாலே? அன்னைக்கி நல்ல கெடாவா ரெண்ட வித்துத் தொலச்சிட்டனே."

மச்சினன்

நோன்பு மாதம் பிறந்தது. சாயங்காலமானால் பாய் வீட்டிலிருந்து தூக்குச் சட்டியில் நோன்புக் கஞ்சி வரும், எனக்கும் ஒரு கிண்ணம் உண்டு. ஒருநாள் நான் அந்தக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தபோது, பாய் டேப்பை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டதைப் பார்த்தேன். கிண்ணத்தைப் பாதியில் கீழே வைத்துவிட்டேன். மறுநாள் செல்லமுத்துக்கும் ருக்மணியம்மாவுக்கும் பெரியகருப்பன் அண்ணனுக்கும் ஆளுக்கொரு கார்டு எழுதிப் போட்டேன். பெருநாளுக்குப் பிறகு இந்தப் பெட்டி இருக்காது, உங்கள் செட்டுக்கு ஏதாவது சாமான் தேவைப்பட்டால் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று. விற்றவன் கடமை, வேறு எண்ணம் இல்லை.

உள்ளூர்க்காரரான சவரிமுத்துக்கு நேரில் போய்ச் சொன்னேன். டயோடு உடைந்ததும் நான் கொடுத்த புது டயோடை அவர் என்ன செய்தார் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இந்தத் தடவை ரிவிட் இல்லை. டயோடின் ஒவ்வொரு காலையும் திருகாணி வைத்து முறுக்கியிருந்தார். ஈயம் மட்டும் இப்போதும் இல்லை. செட்டு முழுவதையும் தகரப் பெட்டிக்குள் வைத்து, அதற்கென்றே தனியாக ஒரு பூட்டும் செய்து போட்டிருந்தார். உள்ளே ஏழு லீவர் வைத்த பூட்டு, சாவி அரைஞாண் கயிற்றில் தொங்கியது. பாடாத செட்டுக்கு எதற்கு இவ்வளவு பெரிய பூட்டு என்று கேட்டேன்.

"பாடுது தம்பி, அதுனாலதான் பூட்டு. வீட்ல எம் மச்சினன் இருக்கான்ல."

ஒரே ஏரியல்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு பேருமே வந்துவிட்டார்கள். கீரனூரிலிருந்தும் அய்யலூரிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்களிடம் என்ன சாமான் வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றார்கள். பெட்டி போகப் போகிறது என்றதும் செட்டைத்தான் எடுத்து வந்திருந்தார்கள். பாயிடம் ஒருமுறை கேட்கக் கொடுத்தால் மனசு மாறுவார் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்திருக்கிறார்கள். கண்ணாடி மேல் நாலு செட்டையும் வைத்து, கடை மாடியில் இருந்து இறங்குகிற ஒரே ஏரியல் கம்பியில் நாலையும் மாட்டினார்கள். பாய் வேண்டாம் என்று கையை ஆட்டினார். ருக்மணியம்மா விடவில்லை, ஹெட்போனை நீட்டியபடியே நின்றார். அத்தனை தூரம் வந்த பெண்பிள்ளையிடம் மறுக்க முடியாமல் பாய் வாங்கிக் காதில் வைத்தார். அதில் ஒன்றும் இல்லை. மற்றவர்களும் அவரவர் ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்த்தார்கள். எதிலும் சத்தமே இல்லை. பாய் அதைக் கழற்றிப் பதனமாகக் கீழே வைத்தார்.

காரணம் எனக்குத் தெரியும். ஒரு கம்பி பிடித்துக் கொடுக்கிற கொஞ்ச நஞ்சத்தை நாலு செட்டு பிடுங்கிக்கொண்டால் யாருக்கும் மிஞ்சாது. ஆனால் ஆசையாக எடுத்து வந்தவர்களில் யாரிடம் போய் உங்களுடையதைக் கழற்றுங்கள் என்று சொல்வது? செல்லமுத்துதான் கம்பியைப் பார்த்தார், செட்டுகளைப் பார்த்தார். நாலு பேர் ஒரே கிணற்றில் இறைத்தால் தண்ணீர் எப்படி நிற்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, லைசென்ஸ் வாங்கிய தன் செட்டைக் கழற்றிவிட்டார். அதைப் பார்த்துப் பெரியகருப்பன் அண்ணனும் கழற்றினார். சவரிமுத்து ஒரு நிமிஷம் யோசித்துத் தன்னுடையதையும் எடுத்துப் பூட்டினார். ருக்மணியம்மாவின் டயோடு செட்டு மட்டும் மிஞ்சியது. அந்தம்மா, ஆளுக்கொன்றாகப் பிரித்திருந்த ஹெட்போனின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து மறுபடியும் நீட்டினார். பாய் இந்தத் தடவை மறுக்காமல் வாங்கி இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். திருச்சியில் யாரோ நாகஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பாயின் கண் மெதுவாக மூடியது. தலை லேசாக ஆடியது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள், தூக்குச் சட்டி வந்து பக்கத்தில் இறங்கியது, பாய் அசையவே இல்லை. இரண்டு காதையும் மூடிக்கொண்டிருந்தவருக்கு நோன்பு திறக்கும் நேரம் வந்ததே தெரியவில்லை. நான்தான் தோளைத் தொட்டு எழுப்பினேன்.

பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, அன்று வந்திருந்த எல்லாருக்கும் பாயே கிண்ணத்தில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். ஒவ்வொருவரிடமும் என்ன குறைக்காக வந்தீர்கள் என்று கேட்டார். குறை ஒன்றும் இல்லை, நல்லாப் பாடுகிறது என்று சொல்லத்தான் வந்தோம் என்றார்கள். அந்தப் பதிலை நாலு தடவை கேட்ட பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"நானும் இருவது வருசமாக் கடை வச்சிருக்கேன் தங்கராசு. பெரிய செட்டு வாங்குனவுக கெட்டுப்போச்சுன்னு சொல்லத்தான் இந்தப் படி ஏறியிருக்காக. நல்லா இருக்குன்னு சொல்ல பஸ்ஸு ஏறி வந்தவுக இவுக நாலு பேருதான். பெட்டி அங்கனயே இருக்கட்டும். ஃபேனுக்கு எதுக்குத் தரையில எடம்? அது மேலதான தொங்கப் போகுது."

இந்தத் தொழிலில் நான் கண்ட ஒரே ரகசியம், வந்தவருக்கு எது போதுமோ அதை மட்டும் கொடுத்தால் அவர் ஆயுசுக்கும் நம்மை மறக்க மாட்டார், அதாவது ஒருநாள்கூட நம்மை நிம்மதியாக மத்தியானச் சோறு சாப்பிட விடமாட்டார் என்பதுதான்.